சுவிட்ச் கடைசியில்

பின்னேரம் ஆறரைக்கு எங்கள் லயத்தில் கரண்டு மெலிந்துவிடும்.
இருபத்திரண்டு காம்பராவிலும் ரைஸ் குக்கர்.
பல்பு மஞ்சள் காமாலையில் கிடக்கும்.
அதனால் பத்து மணிக்கு மேல்தான்
ஆட்டோவிலிருந்து பெட்டரியைத் தூக்கி வருவேன்.

திஷாந்தினியைவிட அரைக் கிலோ கூட.
ஆனால் இடுப்பில் வைக்கக் கூடாது.
ஒருமுறை வைத்தேன்.
ஒன்றும் தெரியவில்லை அன்றைக்கு.
மூன்றாம் நாள் பீலியில் அலசும்போது
ஊதா நைட்டி
நுளம்பு வலை மாதிரி விரிந்தது.

மோகனதாஸ் கொழும்புக்குப் போய் ஏழு மாதம்.
ஆட்டோவை வித்துரு என்றான்.
லீசிங் இன்னும் பதினாறு கட்ட வேண்டும்,
வித்தால் கடன்தான் மிஞ்சும்.
ஓட்டப் பழகினேன்.
காலையில் ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
பிறகு மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு யாராவது.
மழைக்குள் லைட்டும் வைப்பருமாக ஓடி
மேட்டில் நின்று செத்தது பெட்டரி.

கராஜ் பியதாச பழைய சார்ஜர் ஒன்று தந்தார்.
"ரத்து முதல்ல" என்றார்.
எதை ரத்துச் செய்ய என்று
ஒரு கணம் தமிழில் நின்றேன்.
பிறகுதான் சிவப்பு.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு,
சுவிட்ச் கடைசியில்.
கழற்றும்போது சுவிட்ச் முதலில்.
இரண்டையும் சிங்களத்தில் ஒருதரம் தமிழில் ஒருதரம்
சொல்லவைத்துத்தான் அனுப்பினார்.

பிள்ளைக்குச் சளி. ஜன்னல் திறக்க முடியாது.
பெட்டரிக்கோ மூச்சு உண்டு,
மணமில்லாத, நிறமில்லாத மூச்சு,
அடைத்த காம்பராவில் கூரைக்கு ஏறி
ஒரு பொறிக்காகக் காத்துக் கிடக்கும்.
ஆகவே இஸ்தோப்பில், பலகைத் துண்டின் மேல்.
சாமி விளக்கு உள்ளே போனது.
செபமாலை அண்ணன் பீடியோடு
"என்ன தங்கச்சி, குமிழி விடுது?" என்று குனிந்தார்.
அவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி
முற்றத்து ஈரத்தில் எறிந்தேன்.
நாலு நாள் பேசவில்லை.

குனிந்தால் தாலிக்கொடி ஆடும்.
இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.
தங்கம் அங்கே விழுந்தால்
பழுத்துக் கழுத்தைப் பிடிக்கும்.
கழற்றிக் காலண்டர் ஆணியில் மாட்டினேன்,
மாட்டிவிட்டு ஒரு நாள் மறந்தே போனேன்.
விடியப் பெரட்டுக் களத்துக்குச் செய்தி போயிற்று,
பத்து மணித் தேத்தண்ணிக்குள் கீழ் டிவிசனுக்கு,
மத்தியானம் புறக்கோட்டைக்கு.

"கழட்டிட்டியாமே?"
"பெட்டரிக்கு."
லொறி ஹோர்ன்கள் மட்டும் கேட்டன கொஞ்ச நேரம்.
"எந்தப் பெட்டரி?"

கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.
பனி இறங்கி லயத்து விளக்குகளை
ஒவ்வொன்றாகத் துடைக்கும்.
மணிக்கொருதரம் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இளஞ்சூடு என்றால் சரி.
கொதித்தாலோ, கூழ்முட்டை நாறினாலோ
எந்த மணியானாலும் நிறுத்து.
குறைந்தால் ஊற்றப் போத்தல் தண்ணீர் உண்டு,
டவுனில் காசு கொடுத்து வாங்கியது.
பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவென்றாலும்
அதில் மலை கரைந்திருக்கிறது,
அது நமக்கு ஆகும், இதற்கு ஆகாது.

தீபாவளிக்கு வந்தான்.
புதுச் சட்டை, புது மோதிரம், கொழும்பு வாசனை.
"தள்ளு, நான் போடுறேன்."
தள்ளினேன்.
சிவப்பைச் சரியாகக் கவ்வினான்.
கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டே
சுவரில் சுவிட்சைத் தட்டினான்.
சார்ஜர் முனகவில்லை.
இன்னொருதரம் தட்டினான்.

"கரண்டு இல்லையா?"
"இருக்கு."
கம்பளிக்குள்ளிருந்து பிளக்கை எடுத்துக் காட்டினேன்.
"மோதிரத்தைக் கழட்டுங்க முதல்ல.
ஆணி அங்க இருக்கு."